ஒரே நம்பரில் இரண்டு பிள்ளைகள்

மே 18

அக்காவுக்கு,

உன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது உனக்கே தெரியும். தடையை எடுத்துவிட்டுக் கூப்பிடலாமா என்று இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் கேட்டால் பழையதெல்லாம் கிளம்பும். நீ ஒன்று சொல்வாய், நான் இரண்டு சொல்வேன், காரியம் கெட்டுப்போகும். தாளில் எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இது.

வாண்டுவுக்காக எழுதுகிறேன். என் மகள் இப்போது உன்னைவிட உயரம், ஆனாலும் பெயர் மாறவில்லை. நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். கட்டடக்கலை படிக்க வேண்டுமாம். மொத்தம் முப்பது இடம், எல்லாம் முதல் சுற்றிலேயே முடிந்துவிடுமாம்.

கல்லூரி விண்ணப்பத்தை யார் உதவியும் இல்லாமல் அவளே போட்டாள். அங்கேதான் வந்தது வினை. நடுவில் ஒரு பெட்டி வந்ததாம். இந்தக் கதவு எண்ணிலும் இந்தப் போன் நம்பரிலும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது, அது உங்களுடையதா, இணைக்கலாமா என்று. போன் நம்பர் உன்னுடையது. நாங்கள் உன் வீட்டு மாடியில் இருந்தபோது அவளுக்கு உதவித்தொகைக்குப் பதிந்தாயே, அப்போது நீ போட்ட நம்பரும் கதவு எண்ணும்தான் அவள் பதிவில் இன்னும் இருக்கிறது. "பெரியம்மா நம்பர்தானே, அப்ப என்னோடதாத்தான் இருக்கும்னு நினைச்சேம்மா" என்கிறாள். ஆம் என்று அழுத்திவிட்டாள்.

அது அவளுடையது இல்லை. உன் மகன் நெட்டையனுடையது. இப்போது அவள் மார்க்கெல்லாம் அவன் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கணினிக்கு இரண்டு பிள்ளைகளும் ஒரே பிள்ளை. சிவப்பு எழுத்தில் "முதல் சுற்றுக்குத் தகுதி இல்லை" என்று வருகிறது. ஏன் என்று காரணம் போடவில்லை.

உதவி மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பழைய கணக்கில் உள்ள ஈமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புவார்களாம். அதில் சம்மதம் என்று ஒரு பொத்தான் இருக்குமாம். அதை அழுத்தினால் கணக்கைப் பிரிக்கும் வேலை தொடங்குமாம். அந்த ஈமெயிலும் உன்னுடையதுதான். ஒரு தடவை அழுத்திவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

தங்கச்சி


மே 23

தங்கச்சிக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் பொத்தான் அழுத்தச் சொல்லி எழுதியிருக்கிறாய். இரண்டு வருடம் கழித்து எழுதுகிறவள் "எப்படி இருக்கே" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் மை தீர்ந்துவிடுமா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பதால் தெருவில் இன்னும் எனக்குப் பாரம் அக்கா என்றுதான் பெயர். காலை எட்டு மணிக்கே கடை வாசலில் வரிசை. இரண்டு கணினியில் ஒன்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பிரிண்டர் பத்துத் தாளுக்கு ஒரு தாளைத் தின்கிறது. பாஸ்வேர்டு எழுதும் நோட்டு நாலாவது நோட்டாகிவிட்டது.

என் நம்பரைப் போட்டதுதான் தப்பு என்று சொல்லாமல் சொல்கிறாய். இந்தத் தெருவில் எல்லாருக்கும் என் நம்பர்தான், என் ஈமெயில்தான். பின்னே என்ன செய்வது? மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். இடம் கிடைத்த செய்தி எங்கோ போய் விழுந்து, பார்க்காமலே போன பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? என் பெட்டிக்கு வந்தால் நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அவர்கள் வீட்டு வாசலில் சொல்லிவிட்டு வருவேன். இதுவரைக்கும் ஒருவருக்கும் தவறவிட்டதில்லை.

நீ சொல்கிற மாதிரி எந்த ஈமெயிலும் வரவில்லை. வந்தால் பார்க்கிறேன். அதற்குக் காத்திருக்காதே. வாண்டுவுக்கு வேறு நம்பர் போட்டுப் புதுக் கணக்கு ஒன்று திறந்துவிடு. பழையது பாட்டுக்குக் கிடக்கட்டும். நான் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வீட்டை விட்டுப் போன என் பிள்ளையைப் பற்றி ஏதாவது காதில் விழுந்ததா?

அக்கா


ஜூன் 1

அக்கா,

நீ சொன்னபடி புதுக் கணக்கு திறந்தோம். மூன்றாம் நாள் இரண்டையும் முடக்கிவிட்டார்கள். ஒரே மாணவி இரண்டு கணக்கு வைத்திருக்கிறாளாம். நாங்கள் ஏமாற்றுகிறோமாம். வாண்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சலவைப் பிரிவில் ஒரு நாள் லீவு கேட்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. மருத்துவமனையில் நோயாளிகள் குறைந்தாலும் படுக்கை விரிப்பு குறையாது. ஆறு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் நிற்கிறோம். ஆவியில் வெந்து, மடித்து, அடுக்கி வீட்டுக்கு வந்தால் கால் என்னுடையது மாதிரியே இருக்காது. மேற்பார்வை அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு நேரிலேயே உதவி மையத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு மப்ளர்காரர் இருக்கிறார். ஏசிக்கு நேர் கீழே இடம் கொடுத்திருக்கிறார்கள் பாவம், கழுத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொறுமையான மனிதர். திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நாங்க மூணு தடவை அனுப்பியிருக்கோம். மூணு தடவையும் திறந்து பாத்திருக்காங்க. அழுத்தத்தான் இல்லை."

தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

ஏன் அக்கா? என் மேல் உள்ள கோபமா? அன்றைக்கு என் வீட்டு வாசலில் நின்று, எனக்கு ஆண் பிள்ளை இல்லாத குறையை உன் பிள்ளையை வைத்துத் தீர்த்துக்கொள்கிறேன் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினாயே, அதைக்கூட நான் விழுங்கிவிட்டுத்தான் எழுதினேன். வாண்டு உனக்கு என்ன செய்தாள்?

மப்ளர்காரர் இன்னொன்றும் சொன்னார். நீ சம்மதம் அழுத்தினால் மட்டும் போதாதாம். அழுத்தியதும் அந்தக் கணக்கின் பழைய வரலாறு முழுவதும் ஒரு தாளில் அச்சாகி வருமாம். கணக்குக்கு உரியவன் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்போதுதான் இரண்டும் பிரியும்.

கையெழுத்துக்கு எங்கே போவது என்று நீ கேட்பாய். அதனால் சொல்லிவிடுகிறேன். அவன் இங்கேதான் இருக்கிறான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில். உன் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிடுவான். அன்றைக்கு நீ வாசலில் நின்று கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொன்னது பொய். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். இரண்டு வருடமாக அந்தப் பொய்யை மென்றுகொண்டிருக்கிறேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கடைசி நாள் ஜூன் 19, மாலை ஐந்து மணி. அதற்குள் அழுத்து.

தங்கச்சி


ஜூன் 5

நல்லா இருடி.

இரண்டு வருடம். பஸ் நிலையத்தில், ரயில் நிலையத்தில், யாராவது உயரமாகப் போனால் பின்னாலேயே ஓடிப்போய் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பிணவறைக்குக்கூடப் போய் நின்றிருக்கிறேன், தெரியுமா உனக்கு? நீ ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். உன் முகத்தில் முழிக்கக் கூடாது.

6ஆம் தேதி காலை

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. கோபமும் இருக்கட்டும். கடையைத் திறக்காமல் ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே தட்டுகிறார்கள்.

ஈமெயில் வந்தது. மூன்றும் வந்தது. அழுத்தாததற்குக் காரணம் உன் மேல் கோபம் இல்லை. அழுத்தினால் வரலாறு அச்சாகும், அதில் அவன் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். நான் இதே வேலையில் பதினான்கு வருடம் இருக்கிறேன். புதுக் கணக்கு திறந்தால் முடக்குவார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். வாண்டு சாப்பிடாமல் படுத்தாள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்கும் இறங்கவில்லை.

அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஜூலை 9 அன்று அவனுக்கு இடம் கொடுத்தார்கள். கால்நடை மருத்துவம். அவன் கேட்டதேதான். ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டிய ஊர். ஜூலை 11 காலை 10.40க்கு அந்த இடம் வேண்டாம் என்று மறுக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரரின் சொந்த விருப்பம்.

அழுத்தியது நான்.

அவன் அப்பா போய் ஐந்து மாதம். அந்த வீட்டில் நானும் அவனும்தான். ஈமெயில் வந்தபோது அவன் எனக்குப் பின்னால் நின்று பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தான். "என்னம்மா, எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தது. அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்தேன். அழுத்திவிட்டேன். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஓடி ஓடிச் சொன்னவள் பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லை.

இடத்தை மறுத்தவனுக்கு மூன்று வருடம் முதல் சுற்று கிடையாது. வாண்டுவுக்குச் சிவப்பில் வருவது அதுதான். விதியெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்த நிமிடம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இங்கேயே பக்கத்தில் ஏதாவது படிப்பான், கடையைப் பார்த்துக்கொள்வான், கண் முன்னால் இருப்பான் என்று மட்டும் தோன்றியது. ஒரு மாதம் என்னோடு இருந்தான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். அப்புறம் போய்விட்டான்.

இப்போது நான் அழுத்தினால் அந்தத் தாள் அவன் கைக்குப் போகும். அழுத்தாவிட்டால் வாண்டு போச்சு. நீயே சொல்லு, நான் என்ன செய்வது?


ஜூன் 9

அக்கா,

உன் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். தப்பு செய்துவிட்டேன். அன்றைக்கு மடித்த விரிப்புகள் எல்லாம் கோணல்.

உனக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மாட்டுத் தீவனக் கிடங்கில் வேலை. மூட்டைக்கு லேபிள் ஒட்டுவான், லாரி வந்தால் ஏற்றுவான். மாடு வளர்ப்பவர்கள் தீவனம் வாங்க வந்தால் அவர்களோடு நின்று மாட்டுக்கு என்ன என்று விசாரிப்பான். ஒரு நாள் நான் கேட்டேன், "மறுபடியும் எழுதிப் பாரேன்டா" என்று. "எனக்கெல்லாம் அது ஏறாது சித்தி. ட்ரை பண்ணியாச்சு, வரலை. என் லெவல் இதுதான்" என்று சிரித்தான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உறுதியாகச் சொன்னான். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, தன்னை மக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறான். அதை நினைத்தால்தான் உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நான் மட்டும் யோக்கியம் இல்லை. பிணவறை என்று எழுதியிருந்தாயே. அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. நீ அன்று பேசிய பேச்சுக்குப் பதிலுக்குப் பதில் என்று உள்ளுக்குள் எங்கோ இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் முழுவதும் ஒரே யோசனை. நான் நீட்டினால் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். அந்தத் தாளை மேல் பாதியை மடித்து, கீழே மட்டும் காட்டி, "இங்க போடுடா" என்றால் முடிந்தது. வாண்டுவுக்கு இடம், உனக்கு மானம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று பேருக்கும் நல்லது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நீ அவனுக்கு அம்மா. மடிக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

தங்கச்சி


ஜூன் 12

தங்கச்சிக்கு,

இன்று காலை 9.15க்குச் சம்மதம் அழுத்திவிட்டேன்.

மடிக்காதே. விரித்துக் கொடு.

என்னால் முன்கூட்டி அவனுக்கு எழுத முடியவில்லை. நான்கு தடவை தொடங்கினேன். அன்புள்ள என்ற வார்த்தைக்கு மேல் பேனா நகரவில்லை. அவன் படிக்கும்போது நீ பக்கத்தில் இரு. என்னைப் பற்றி என்ன சொன்னாலும் தடுக்காதே. சொன்னதை அப்படியே எனக்கு எழுது, குறைக்காதே.

அக்கா


ஜூன் 18

அக்கா,

வாண்டுவின் கணக்கு பிரிந்துவிட்டது. முடக்கத்தை எடுத்துவிட்டார்கள், சிவப்பு எழுத்தும் போய்விட்டது. முதல் சுற்றில் அவள் பெயர் இருக்கிறது. இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இனி அவள் மார்க்கைப் பொறுத்தது.

அப்படியே எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை அவனும் நானும் உதவி மையத்துக்குப் போனோம். வாண்டுவுக்காக ஒரு கையெழுத்து என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். மப்ளர்காரர் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். வழக்கம்போலப் பேனாவைத் திறந்தான். "படிச்சுட்டுப் போடுடா" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து படித்தான்.

ரொம்ப நேரம் படித்தான். நாலைந்து வரிதான் அக்கா அது. அழுத்தியது நீ என்று நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை. அவன் சொன்னது இவ்வளவுதான்: "பதினொண்ணாந்தேதி. பத்து நாப்பது. பேப்பர் தீந்துபோச்சுன்னு என்னைக் கடைக்கு அனுப்பினாங்க சித்தி. ரெண்டு கட்டு உள்ளயே இருந்துச்சு. வந்து பாத்துட்டு, ஏன்மா இருக்கும்போதே அனுப்புனேன்னு கேட்டேன்." திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மப்ளர்காரருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இந்த மறுப்பை நீங்க அழுத்தலைன்னா சொல்லுங்க. யார் அழுத்தினாங்கன்னு எழுத்துல வந்தா ரத்து பண்ணிடலாம். இந்த வருஷமே முதல் சுற்றுல சேர்த்துக்குவாங்க. முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. என்ன ஒண்ணு, விசாரணை வரும். அழுத்தினது விண்ணப்பம் போடுற மையமா இருந்தா அவங்க அனுமதி போயிடும்."

நெட்டையன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நான்தான் சார் அழுத்தினேன்" என்றான்.

பழைய கணக்கை மூடிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஈமெயிலையும் நம்பரையும் மட்டும் மாற்றித் தாருங்கள் என்றான். மாற்றிக் கொடுத்தார். இனி அவனுக்கு வருவது எதுவும் உன் பெட்டிக்கு வராது.

வரும் வழியில் பஸ்ஸில் தூங்கிவிட்டான். உட்கார்ந்தபடியே, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. நான் எழுப்பவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தோம்.

தங்கச்சி


ஜூன் 22

தங்கச்சிக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். குறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அந்தப் பேப்பர் விஷயம் எனக்கே மறந்துபோயிருந்தது. மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். நான் அவனுக்காக என்று நினைத்துச் செய்ததற்கு, அவன் எனக்காக என்று செய்கிறான். இது இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. போதும்.

இதனுடன் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். உதவி மையத்துக்கு எழுதியது. விண்ணப்பதாரருக்குத் தெரியாமல், அவரைக் கேட்காமல், என் கடையில் என் கணினியில் நானே மறுப்பை அழுத்தினேன் என்று தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடையின் முத்திரையும் வைத்திருக்கிறேன். அனுமதி எண்ணையும் எழுதியிருக்கிறேன், அவர்கள் தேட வேண்டியதில்லை.

கடை போகும். போகட்டும் என்று எழுத வருகிறது, ஆனால் அது உண்மை இல்லை. பதினான்கு வருடம். ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது. லேமினேஷன் மெஷினை வைத்துக்கொண்டு ஏதாவது செய்வேன், இல்லை உன் சலவைப் பிரிவில் இரண்டு ஆள் குறைகிறது என்றாயே, என் காலும் உன் காலுக்கு இளைத்தது இல்லை.

முப்பதாம் தேதிக்குள் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவனிடம் சொன்னால் வேண்டாம் என்பான், கிழித்துப் போடுவான். அதனால் அவனுக்குத் தெரியாமல் நீயே மப்ளர்காரரிடம்

இந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை, நீ பார்த்துக்கொள். எனக்குப் புத்தி வர இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

அவன் கையிலேயே கொடு. கொடுப்பதா, கிழிப்பதா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா